வலி போன பிறகு

பிரபு,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசி முடித்து போனை வைத்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "நைனா, உனக்குக் கழுத்துல ஊசி போட்டாங்களே, அது கேட்டுச்சா?" நான் கொஞ்சம்கூட யோசிக்காமல், "கேட்டுச்சிடா, நாலே நாள்ல வலி போச்சி, பயப்படாம போட்டுக்க" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் என்னை உட்கார விடாமல் அடிக்கிறது. ஸ்கேனில் உன் கழுத்தில் ரெண்டு இடத்தில் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவதாகச் சொன்னாய். வெள்ளிக்கிழமை ஊசி, அடுத்த வாரக் கடைசியில் துபாய்க்குப் புறப்பாடு, போனதும் டிரெய்லர் ஓட்டும் வேலை என்றாய். போகிற போக்கில், வலது கை விரல்கள் கொஞ்ச நாளாக மரத்திருப்பதாகவும், அதை டாக்டரிடம் சொல்லவில்லை என்றும் சொன்னாய். சொன்னால் ஆபரேஷன் அது இது என்று இழுப்பார்கள், விசா வீணாகிவிடும் என்று சிரித்தாய். நானும் கூடவே சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் மழுப்புவேன். மழுப்புவதில் எனக்கு ஏழு வருஷப் பழக்கம் இருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். என் கையெழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்து நைனாவுக்கு வயசாகிவிட்டது என்று நினைக்காதே. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பேனா நிற்பதில்லை, நாலு வரிக்கு ஒரு தடவை கீழே வைத்து எடுக்க வேண்டியிருக்கிறது. உனக்கு மட்டும் என்று இதை எழுதவில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நின்று யார் சத்தமாகப் படித்தாலும் எனக்குச் சம்மதம். ஒளித்து வைக்க இனி என்னிடம் ஒன்றும் கிடையாது.

இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டினேன். எனக்குக் கழுத்து வலி வந்தபோது நீ சென்னையில் லாரி ஆபீசில் சேர்ந்திருந்தாய். முதலில் தோள்பட்டைக்கு நடுவில் ஒரு பிடிப்பு, அவ்வளவுதான். பிறகு அது கழுத்திலிருந்து கிளம்பி, தோள் வழியாகக் கை முழுக்க ஓடிக் கட்டைவிரலில் போய் முடியும். கரண்ட் கம்பியைத் தொட்ட மாதிரி இருக்கும். ஸ்டாப்பிங்கில் ஆள் ஏறுகிறதைத் திரும்பிப் பார்க்கக் கழுத்து வராது, உடம்போடு சேர்ந்து திரும்புவேன். சுளுக்கு எடுக்கிறவரிடம் போனேன், தைலம் தேய்த்தேன், கழுத்துப் பட்டை வாங்கி வீட்டில் மட்டும் போட்டுக்கொண்டேன். வண்டியில் போட்டால் பாசஞ்சர் பார்ப்பார்கள், முதலாளி காதுக்குப் போகும் என்று பயம். கடைசியில் உன் அம்மாதான் பிடிவாதமாகப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா ஸ்கேன் படத்தை விளக்கில் மாட்டிப் பொறுமையாகக் காட்டினார்கள். எலும்புக்கு எலும்பு நடுவில் இருக்கிற ஜவ்வு வெளியே தள்ளி, கைக்குப் போகிற நரம்பை நெருக்குகிறது, அந்த இடத்தில் வீக்கம் இருக்கிறது, அந்த வீக்கம் குறைய ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்றார்கள்.

உனக்கு வெள்ளிக்கிழமை என்ன செய்வார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீ தைரியசாலி மாதிரி பேசினாலும் சின்ன வயசில் ஊசி என்றால் ஓடி ஒளிவாய். என்னைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். நெற்றிக்கு ஒரு தலையணை. கழுத்தில் சில்லென்று மருந்து தடவி, முதலில் மரத்துப்போக ஒரு சின்ன ஊசி. அது மட்டும்தான் சுரீர் என்றது. பக்கத்தில் டிவி மாதிரி ஒரு திரை. அதில் எக்ஸ்ரேயைப் பார்த்துப் பார்த்துப் பெரிய ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொண்டுபோனார்கள். அசையக் கூடாது, ஆனால் பேசலாம் என்றார்கள். மருந்து இறங்கும்போது உள்ளேயிருந்து யாரோ தோளை அமுக்குகிற மாதிரி இருந்தது. அரை மணிக்குள் முடிந்துவிட்டது. ரெண்டு மணி நேரம் படுக்க வைத்து, கை காலை அசைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். எனக்குச் சுகர் இருந்ததால் ஒரு வாரம் அது ஏறி இறங்கியது. அதையும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அவர்கள் பக்கம் ஒரு குறையும் இல்லை.

கிளம்பும்போது அந்த டாக்டரம்மா சொன்னது இன்றைக்கும் வார்த்தை பிசகாமல் காதில் இருக்கிறது. "இந்த ஊசி வீக்கத்தக் கொறைக்கும். ஜவ்வ உள்ள தள்ளாது. வலி போயிடுச்சின்னா நோயும் போயிடுச்சின்னு நெனச்சிடாதீங்க. விரல் மரத்துப் போனாலோ, கையில பலம் கொறஞ்சாலோ, நடக்கும்போது தள்ளாடினாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாம வரணும்." ஆறு வாரம் கழித்து எப்படியும் வந்து காட்ட வேண்டும் என்று சீட்டில் எழுதியும் கொடுத்தார்கள். நான் தலையை ஆட்டினேன். உன் அம்மா அந்தச் சீட்டை சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

நாலாம் நாள் காலையில் எழுந்தேன், வலி இல்லை. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? எட்டு மாசம் கூடவே இருந்த ஒருத்தன் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போன மாதிரி இருந்தது. நானும் உன் அம்மாவும் ராஜகிரி மலை மேல் ஏறி, கமலக்கண்ணி அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்தோம். பார்க்கிற டிரைவர்களிடமெல்லாம் அந்த ஊசியைப் பற்றிப் பெருமையாகப் பேசினேன். ஆறாவது வாரம் வந்தது. வலிதான் இல்லையே, ஒரு நாள் லீவு எதற்கு என்று நான் போகவில்லை. உன் அம்மா ரெண்டு தடவை சீட்டை எடுத்துக் காட்டினாள். மூன்றாம் தடவை அவளிடம் எரிந்து விழுந்தேன். அதோடு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

மூணாவது மாசம் கட்டைவிரல் மரத்தது. பிறகு பக்கத்து விரல். வலி இல்லாததால் அதை நான் நோயாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் டீக்கடையில் கண்ணாடி கிளாஸ் கையிலிருந்து நழுவி உடைந்தது. சூடு என்று சொன்னேன். சாவியைத் திருப்ப இடது கையை வைத்துக்கொண்டேன். கியர் மாற்றுவதில் ஒன்றும் தெரியவில்லை, அது இடது கை. ஸ்டீயரிங்தான் வலது கையை நம்பியிருந்தது, அந்தக் கையில் பிடிக்கிறோமா இல்லையா என்பதே கண்ணால் பார்த்தால்தான் தெரிகிற நிலைமை. புதுச்சேரிக்குப் போனால் வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் போகவில்லை. குடும்பத்துக்காக, உனக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் பிரபு. நீ அப்போதே சம்பாதிக்க ஆரம்பித்துவிட்டாய். ஸ்டீயரிங்கை விட்டு இறங்கினால் இந்த ஊரில் நான் யார் என்று எனக்கே தெரியவில்லை. பயம் அதுதான்.

இப்போது அந்த விபத்துக்கு வருகிறேன். உனக்கு நான் சொன்ன கதை ஒன்று. நடந்தது வேறு. காலை ட்ரிப், மேல்சித்தாமூர் தாண்டி செஞ்சிக்கு வருகிறேன். நாற்பது பேருக்கு மேல் வண்டியில். ஏரிக்கரை ஓரம் வலது பக்கம் ஒரு வளைவு வருமே, அங்கே ஸ்டீயரிங்கை ஒடித்தேன். பாதி ஒடித்ததும் வலது கை திறந்துகொண்டது. கை ஸ்டீயரிங் மேல்தான் இருந்தது, பிடிதான் இல்லை. சக்கரம் திரும்பி நேராகிவிட்டது. இடது கையால் இழுப்பதற்குள் வண்டி போய் மதகுச் சுவரில் இடித்தது. ஒரு டீச்சரம்மாவுக்கு மணிக்கட்டு உடைந்தது, ஒரு பெரியவருக்கு நெற்றியில் தையல். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவர் மட்டும் இல்லாமல் இருந்தால் வண்டி ஏரிக்குள் போயிருக்கும். நான் கீழே இறங்கி நிற்கிறேன். கண்டக்டர் ஓடி வந்து, "இன்னாண்ணா ஆச்சி?" என்று கேட்டான். "ஸ்டீயரிங் கேக்கல" என்றேன். ரெண்டே வார்த்தை. யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. பிறகு குனிந்து முன் சக்கரத்துக்குக் கீழே பார்த்தேன். இடித்த வேகத்தில் ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகிற கம்பி கழன்று தொங்கியது. அந்தக் கம்பி கழலாமல் இருக்க ஒரு சின்னப் பின் போடுவார்கள். அது முறிந்து, பாதி துளைக்குள்ளேயே இருந்தது. அதாவது, பின்னைப் போட்டிருக்கிறார்கள். இடித்த பிறகுதான் முறிந்திருக்கிறது. அதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு நிமிர்ந்து நின்று, மறுபடியும் எல்லாரிடமும் அதே ரெண்டு வார்த்தையைச் சொன்னேன். இதை யோசித்துத்தான் சொன்னேன்.

விபத்துக்கு ரெண்டு நாள் முன்னால் அந்தக் கம்பியைக் கழற்றி மாட்டியது நம்ம ஷெட் மெக்கானிக் ஏழுமலை. முதலாளி போலீஸ் கேஸ் ஆகாமல் அடிபட்டவர்களிடம் பேசி முடித்தார், வண்டியைத் திண்டிவனத்துக்கு இழுத்துப்போய் முன்பக்கத்தையே மாற்றினார், ஏழுமலையை வேலையை விட்டு அனுப்பினார். பின் போட மறந்தவன் என்ற பேர் பரவியதால் செஞ்சியில் வேறு எந்தப் பட்டறையிலும் அவனைச் சேர்க்கவில்லை. நீ சென்னையிலிருந்து ஓடி வந்தாய். என் கழுத்தில் பட்டையைப் பார்த்ததும் நேராக அவன் வீட்டுக்குப் போய், அவன் பெண்டாட்டி பிள்ளைகள் முன்னால் அவனைக் கேட்கக் கூடாததெல்லாம் கேட்டாய். எங்கப்பனைக் கொல்லப் பார்த்தாயே என்று கத்தினாயாம். உன் அம்மா வந்து சொன்னாள். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு, ம் என்று கேட்டுக்கொண்டேன். உன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் செய்த தப்புகளில் எது பெரியது என்று கேட்டால், கை நழுவியதைச் சொல்ல மாட்டேன். இதைத்தான் சொல்வேன்.

அதற்குப் பிறகு எனக்குக் கழுத்தில் ஆபரேஷன் ஆனதே, அது விபத்தில் அடிபட்டதால் என்றுதான் நீ இன்று வரைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஊர் முழுக்க அப்படித்தான் நினைக்கிறது. உண்மையில் ஜவ்வு அதற்கு முன்பே மேலும் பிதுங்கி, நரம்பை ரொம்பக் கெடுத்துவிட்டிருந்தது. அதே டாக்டரம்மா, விரல் எப்போது மரக்க ஆரம்பித்தது என்று கேட்டார்கள். சொன்னேன். அப்போதே வந்திருந்தால் கை பெரும்பாலும் திரும்பியிருக்கும், இனிமேல் கெடாமல் தடுக்கத்தான் ஆபரேஷன் என்றார்கள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நீ ஞாயிற்றுக்கிழமை சிரித்தாய் இல்லையா, அதற்கு மறுநாள் நான் தளவானூருக்கு பஸ் ஏறினேன். ஏழுமலை அங்கேதான் மாமனார் வீட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான். அவனும் பெண்டாட்டியும் களத்தில் உட்கார்ந்து வேர்க்கடலைச் செடியிலிருந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாண்ணா, கை எப்டி இருக்குது?" என்று கேட்டான். அந்தக் கேள்வியில் பாதி உயிர் போய்விட்டது. உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். "ஏழுமல, அன்னிக்கி ஸ்டீயரிங் நல்லாதான் இருந்துது. என் கைதான் வுட்டுடுச்சி."

அவன் என் முகத்தையே பார்த்தான். "இன்னொரு தபா சொல்லு" என்றான். சொன்னேன்.

"அப்ப அந்தப் பின்னு?"

"நீ போட்டுதான் இருந்த. நான் பாத்தேன். இடிச்சப்பதான் முறிஞ்சிது."

அவன் பெண்டாட்டி கையிலிருந்த செடியைக் கீழே வைத்துவிட்டாள். ஏழுமலை மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான். "அந்தப் பின்ன நான் கையில வெச்சினு இருந்தது ஞாபகம் இருக்குதுண்ணா. போட்டனா இல்லியான்னுதான் ஏழு வருசமா தெர்ல. ஒரு நாளு போட்ட மாதிரி இருக்கும், ஒரு நாளு போடாத மாதிரி இருக்கும். அந்த டீச்சரம்மாவ நெனச்சி நெனச்சி நான் வண்டியவே தொடறது இல்ல" என்றான். நான் நினைத்திருந்தது வேறு, பிரபு. அவனுக்கு உண்மை தெரியும், மனசுக்குள் என்னைத் திட்டிக்கொண்டிருப்பான் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்தேன். அவன் தன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறான். நான் சொன்ன பொய்யை ஊரில் எல்லாரையும்விட அதிகமாக நம்பியவன் அவன்தான்.

மன்னிப்பு கேட்டேன். முதலாளியிடம் வந்து சொல்ல வேண்டும் என்று மட்டும் சொன்னான். நேற்று ரெண்டு பேரும் ஷெட்டுக்குப் போனோம். முதலாளி கேட்டுவிட்டு, முடிந்துபோன கதையை இப்போது எதற்குக் கிளறுகிறாய் என்று என்னிடம் சலித்துக்கொண்டார். ஏழுமலையிடம், வேண்டுமானால் திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வா என்றார். "வேல வேணாம்ங்க. ஷெட்டுல இருக்கறவங்கள எல்லாம் கூப்புடுங்க, அவங்க முன்னாடி சொல்லட்டும்" என்றான் ஏழுமலை. எட்டு பேர் வந்து நின்றார்கள். அதில் மூணு பேர் என்னிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள். சொன்னேன். சொல்லி முடித்ததும் அவன் தன் மொபெட்டை எடுத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் போய்விட்டான். உன் அம்மா எனக்குத் தட்டில் சோறு வைக்கிறாள், பேசுவதில்லை. ஏழுமலை பெண்டாட்டி இந்த ஊரில் இருந்தவரை ரேஷன் கடையில் அவளைக் கண்டால் உன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாளாம். இப்போது அதை நினைத்து அழுகிறாள்.

இதையெல்லாம் உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. ஊசி வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. ஊசி என்ன செய்யும் என்று சொன்னார்களோ அதைச் செய்தது. அந்த டாக்டரம்மா தெளிவாகச் சொன்ன மிச்சத்தைத்தான் நான் செய்யவில்லை. உனக்கு ஊசி போடலாமா, வேறு வைத்தியமா, ஆபரேஷனா என்பது எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. விரல் மரத்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டுதான் டாக்டர் அதை முடிவு செய்ய வேண்டும். அதை மறைத்து ஊசி போட்டுக்கொண்டால் வலி போகும், உனக்குத் தைரியம் வரும். அந்தத் தைரியத்தோடு நீ அந்த ஊர் ரோட்டில் நாற்பது டன்னை ஓட்டுவாய். உன் எதிரே வருகிறவர்களுக்கு நீ யாரென்றே தெரியாது. விசா போனால் போகட்டும் என்று சுலபமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்கு நீ எவ்வளவு அலைந்தாய் என்று பார்த்திருக்கிறேன். போனால் உனக்கு எப்படி இருக்கும் என்றும் எனக்குத் தெரியும், வண்டியை விட்டு இறங்கியவன் நான். கஷ்டமாகத்தான் இருக்கும். ரொம்ப நாள் இருக்கும். ஆனால் ஏழுமலை மாதிரி ஒருத்தன் வீட்டுக் களத்தில் போய் நிற்பதோடு அதை ஒப்பிடவே முடியாது. அவனிடம் நீயும் ஒரு நாள் போக வேண்டியிருக்கிறது. எப்போது என்பதை நீயே முடிவு செய்துகொள்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்கே வந்து உன் கையில் கொடுத்து, நீ படித்து முடிக்கிற வரைக்கும் எதிரில் உட்கார்ந்திருக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். இன்று மதியம் தேன்மொழிக்கு போன் செய்தேன். உன்னைக் கேட்காமல் உன் பெண்டாட்டியிடம் சொல்வது தப்பு என்று நீ கோபப்படுவாய். கோபப்பட்டுக்கொள். உன் விரல் மரத்திருப்பதையும், நீ அதை டாக்டரிடம் மறைத்ததையும் அவளிடம் சொன்னேன். கல்யாணமாகி எட்டு மாசம்தான் ஆன பெண், பயந்துவிடப் போகிறாளே என்று மெதுவாகத்தான் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் சொன்னாள். "மாமா, பத்து நாளா அவரு சட்டைப் பித்தான என்னியே போட்டுவுடச் சொல்றாரு. ஆசையா கேக்கறாருன்னு நெனச்சினு இருந்தேன்."

வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நாளைக்கு முதல் பஸ்ஸில் வருகிறேன்.

உன் நைனா